30 டிகிரியில் நழுவிய பட்டை

பந்தய ஓட்டுநர்களுக்கான தலை, கழுத்துப் பாதுகாப்புக் கருவி ஒன்றை நாங்கள் மூன்று பேர் சேர்ந்து வடிவமைத்தோம். பந்தயப் பாதுகாப்புக் கருவிகளுக்குத் தரம் வகுக்கும் அமெரிக்க அமைப்பான எஸ்.எஃப்.ஐ-யின் 38.1 தரச் சோதனையில் அது தேற, இரண்டு முறை ஆய்வகத்துக்குப் போக வேண்டியிருந்தது. முதல் முறை எங்கே கோட்டை விட்டோம் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

கார் சுவரில் மோதினால் உடம்பை ஹார்னஸ், அதாவது சீட்டோடு கட்டும் பட்டைகள், பிடித்துக்கொள்ளும். தலையைப் பிடிக்கக் கழுத்தைத் தவிர வேறெதுவும் இல்லை. ஹெல்மெட்டோடு தலை 6 கிலோ என்று வைத்தாலும், 70 ஜி விசையில், அதாவது புவியீர்ப்பைப் போல் 70 மடங்கில், அது 420 கிலோ மாதிரி இழுக்கும். அந்த இழுப்பு கழுத்துக்குப் போகாமல், ஹெல்மெட்டைக் காலரோடு இணைக்கும் டெதர் என்ற வார் வழியாக, தோள் பட்டைகளுக்கு அடியில் தோளில் உட்காரும் காலருக்கும், அங்கிருந்து ஹார்னஸுக்கும் போக வேண்டும். 1980களில் ராபர்ட் ஹப்பர்டும் ஜிம் டவுனிங்கும் உருவாக்கிய ஹான்ஸ் கருவியின் அடிப்படையும் இதுதான்.

மோதலைப் போலியாக நிகழ்த்தும் ஸ்லெட் என்ற சோதனை வண்டியில், ஹைப்ரிட் 3 என்ற மனித உருவ டம்மியை உட்காரவைத்து, பட்டைகளை இறுக்கி, சென்சார்களைச் சரிபார்க்கவே பாதி நாள் போய்விட்டது. மோதல் கண் இமைப்பதற்குள் முடிந்தது. நேர் மோதலில் கழுத்தின் இழுவிசை 4000 நியூட்டன் வரம்புக்கு வெகு கீழே. எங்களுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

அப்புறம் சீட்டை 30 டிகிரி திருப்பினார்கள்.

அந்த வீடியோவை எத்தனை முறை ஓட்டிப் பார்த்தோமோ தெரியாது. டம்மி சாய்வாக முன்னே போகிறது. ஒரு பக்கத்துத் தோள் பட்டை காலரின் விளிம்பில் ஏறுகிறது, அங்கேயே துளி நேரம் நிற்கிறது, பிறகு சரிந்து கையின் மேற்பகுதியில் விழுகிறது. பிடிப்பு போனதும் தலையோடு காலரும் கிளம்பிவிட்டது. இழுவிசை வரம்பைத் தாண்டிவிட்டது. பந்தயத்தில் யாரும் அளவெடுத்து நேராக மோதுவதில்லை. 2001இல் டேடோனா பந்தயத்தில் அமெரிக்க ஓட்டுநர் டேல் எர்ன்ஹார்ட் உயிரிழந்தபோது, அவருடைய கார் சுவரில் மோதியதும் சாய்வாகத்தான். அவர் இப்படி ஒரு கருவி அணிந்திருக்கவில்லை. சோதனை நடந்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

காலரைக் கையில் எடுத்துப் பார்த்தபோது கார்பன் ஃபைபர் விளிம்பில் பட்டை உரசிய பளபளப்பான கோடு ஒன்று தெரிந்தது. விளிம்பின் உயரம் போதவில்லை, மேற்பரப்பும் வழுக்கல். விளிம்பைச் சில மில்லிமீட்டர் உயர்த்தினோம், பட்டை படியும் இடத்தில் ரப்பர் ஒட்டினோம். வேறெதையும் தொடவில்லை.

இரண்டாம் முறை 30 டிகிரியையே முதலில் வைக்கச் சொன்னோம். தேறியது. டெதர் தையலில் ஒரு நூல்கூட அறவில்லை. காலரைத் திருப்பிப் பார்த்தேன். பட்டையின் தடம் இம்முறை விளிம்புப் பக்கமே போகவில்லை, ரப்பரின் நடுவில் நேராகப் பதிந்திருந்தது.