பக்கத்து வீட்டு நாயும் நான் வாங்கிய ஒலிப்பெட்டியும்

நைட் டூட்டி பார்த்துவிட்டு வருகிறவர்களுக்குக் காலை 9 மணிதான் நடுராத்திரி. நான் செவிலியர். வீடு மதுரை ஆனையூர்ப் பக்கம். மாதத்தில் ஒரு வாரமாவது இரவுப் பணி வரும், சில மாதம் இரண்டு வாரம். வீட்டுக்கு வந்து, குளித்து, இரண்டு இட்லி சாப்பிட்டுப் படுத்தால், மகள் பள்ளியிலிருந்து வருவதற்குள் ஐந்தாறு மணி நேரமாவது தூங்கியாக வேண்டும். தூங்காமல் போனால் அன்று இரவு வார்டில் மருந்துச் சீட்டில் உள்ள எழுத்து கண்ணில் நிற்காது. இன்னொருவர் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால் எனக்கு இது வெறும் எரிச்சலாக இருக்கவில்லை, பயமாக இருந்தது.

தூக்கத்தைக் கெடுத்தவன் வெள்ளையன். பக்கத்து வீட்டு ராஜபாளையம் நாய். பால் வெள்ளை உடம்பு, ரோஸ் நிற மூக்கு, இரண்டு வயது. அந்த வீட்டில் அண்ணனும் மதினியும் வேலைக்குப் போகிறவர்கள். காலை 9 மணிக்குக் கேட்டைப் பூட்டினால் சாயங்காலம் 6 ஆகும் திரும்ப. அதுவரை வெள்ளையன் கேட்டுக்கு எதிரே உள்ள தூணில் கட்டிக் கிடப்பான். கம்பிக் கேட் என்பதால் தெருவில் போகிற எல்லாம் அவனுக்குத் தெரியும். தண்ணீர் கேன் வண்டி, சிலிண்டர் வண்டி, பூ விற்கிற அம்மா, சும்மா நடந்து போகிறவர், யார் போனாலும் குரைப்பான். ஆள் போய்ப் பத்து நிமிடம் ஆனாலும் நிறுத்த மாட்டான்.

ஒரு வியாழக்கிழமை தூக்கம் வராமல் நோட்டில் குறித்தேன். காலை 9 முதல் பகல் 2 மணிக்குள் 31 தடவை ஆரம்பித்தான். அதில் நீளமானது 14 நிமிடம். போனில் சத்தம் அளக்கும் செயலியைப் போட்டுப் பார்த்தபோது, ஜன்னலைத் திறந்து வைத்திருந்தால் 75 டெசிபல் பக்கம் காட்டியது. போன் கணக்கு துல்லியமாக இருக்காதுதான். ஆனால் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 என்று 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. அந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததும் என் கணவர் போலீஸில் எழுதிக் கொடுக்கலாம் என்றார். எனக்கு மனது வரவில்லை. என் அம்மாவுக்கு மூச்சுத் திணறிய ராத்திரி, கேட்டதும் காரை எடுத்தவர் அந்த அண்ணன்தான். புகார் கொடுத்தும் பெரிதாக ஒன்றும் நடந்திருக்காது. குரைக்கிறது என்பதற்காக வளர்ப்பு நாய்க்குத் தடை போட முடியாது என்று விலங்குகள் நல வாரியத்தின் வழிகாட்டுதலிலேயே இருக்கிறது.

நேரில் போய்ச் சொன்னேன். "காவலுக்குத்தானே தங்கச்சி வளக்கிறோம், குலைக்காம என்ன செய்யும்?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, உண்மையாகவே வேறு வழி இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை.

அப்புறம்தான் இணையத்தில் தேடி, நாய் குரைப்பதை நிறுத்தும் என்று விற்கிற ஒலிப்பெட்டி ஒன்றை வாங்கினேன். ₹1,400 சொச்சம். கைக்கு அடக்கமான பெட்டி, முன்பக்கம் சின்ன ஸ்பீக்கர், கீழே ஒரு மைக், உள்ளே 9 வோல்ட் பேட்டரி. நாய் குரைத்தால் மைக் அதைப் பிடித்து, ஸ்பீக்கர் நம் காதுக்கு எட்டாத கூர்மையான ஒலியைச் சில விநாடி விடும். மனிதக் காது அதிகபட்சம் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும், வயதாக ஆக அதுவும் குறையும். நாய்க்கு 45,000 வரை கேட்கும். இந்த இடைவெளியில்தான் மொத்தக் கருவியும் வேலை செய்கிறது. விஷயம் புதிதும் அல்ல. 1876லேயே பிரான்சிஸ் கால்டன் என்ற ஆங்கிலேயர் இப்படியொரு விசில் செய்து, அதைக் கைத்தடியில் பொருத்தி, தெரு நாய்களிடமும் விலங்குக் காட்சிசாலையிலும் ஊதிப் பார்த்திருக்கிறார்.

முதலில் படுக்கையறை ஜன்னலுக்கு உள்ளே, கண்ணாடிக்குப் பின்னால் வைத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. இவ்வளவு உயர்ந்த அதிர்வெண் கொண்ட ஒலி கண்ணாடியையும் சுவரையும் தாண்டாது. அடர்த்தியான செடி இருந்தால்கூட பாதி அதிலேயே போய்விடும். காற்றிலும் சீக்கிரம் தேயும். டார்ச் அடிப்பதுபோல, வெளிச்சம் படுகிற இடத்துக்குத்தான் ஒலியும் போகும் என்று வைத்துக்கொள்ளலாம். அட்டையில் 50 அடி என்று போட்டிருந்தால் அது நடுவில் எதுவும் இல்லாத வெட்டவெளிக் கணக்கு. அடுத்த நாள் மாடிக் கைப்பிடிச் சுவரில், வெள்ளையனின் தூணைப் பார்த்தாற்போல் கட்டினேன். இருபத்தைந்து அடிதான் இருக்கும். அண்ணனிடம் சொல்லவில்லை. அது தப்பு. இன்னொருவர் வீட்டு உயிர்மேல் ஒன்றைப் பயன்படுத்துகிறோம் என்றால் முதலில் அவரிடம் சொல்லியிருக்க வேண்டும்.

மூன்று நாள் சத்தம் பாதியானது. நானும் தூங்கினேன். கருவி வேலை செய்கிறது என்று தோழிகளிடம் சொல்லக்கூட ஆரம்பித்துவிட்டேன். மகள் மட்டும் மாடிக்குப் போனால் "அம்மா, காதுல கீன்னு குத்துது" என்றாள். அவளுக்குப் பதினொரு வயது. எனக்கும் அவள் அப்பாவுக்கும் எதுவும் கேட்கவில்லை. பெட்டியில் 25 கிலோ ஹெர்ட்ஸ் என்று அச்சிட்டிருந்தாலும் சில நேரம் அதற்குக் கீழேயும் ஒலி வந்திருக்க வேண்டும். சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் அவர்களை நிற்கவைத்துக் கேட்டுப் பார்க்காமல் இதை மாட்டாதீர்கள்.

ஐந்தாம் நாள் பகல். தூக்கம் கலைந்து, காயப்போட்ட துணியை எடுக்க மாடிக்குப் போனேன். கீழே தெருவில், எங்கள் சுவரை ஒட்டிக் கருப்பி படுத்திருந்தாள். கருப்பி எங்கள் தெரு நாய். கருத்தடை செய்ததற்கு அடையாளமாக ஒரு காது நுனியில் சின்ன வெட்டு இருக்கும். ராத்திரி மிஞ்சுகிற சோற்றையும் மீன் தலையையும் அந்தச் சுவர் ஓரத்தில்தான் அவளுக்கு வைப்போம். வெள்ளையன் குரைத்தால் இவளும் வெளியே நின்று ஒத்துக் குரைப்பாள். இப்போது வாயைத் திறக்காமல், முன்கால்மேல் தலையை வைத்துக் கிடந்தாள். எதிர்வீட்டில் குக்கர் விசில் அடித்தது. பெட்டியில் சிவப்பு விளக்கு மினுக்கியது. கருப்பி துள்ளி எழுந்து, வயிறு தரையில் படுகிற மாதிரி உடம்பைத் தாழ்த்தி, வாலைக் கால்களுக்கு நடுவே செருகிக்கொண்டு, நின்றிருந்த ஒரு வண்டிக்கு அடியில் போய்ப் புகுந்தாள். இரண்டாவது விசில். மறுபடி விளக்கு. வண்டிக்கு அடியில் காதை மண்டையோடு ஒட்டிக்கொண்டு நடுங்கினாள்.

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். குறைந்திருந்த பாதிச் சத்தம் அவளுடையது. குக்கர் விசிலுக்கும் வண்டி ஹாரனுக்கும் சேர்த்து நாள் முழுக்க அவள் தண்டனை வாங்கிக்கொண்டிருந்திருக்கிறாள். எது குரைப்பு, எது ஹாரன் என்று அந்த மைக்குக்குத் தெரியாது. யார் குரைத்தது, யார் சும்மா படுத்திருந்தது என்றும் தெரியாது. தான் செய்த எதற்காக அந்த வலி வருகிறது என்று நாய்க்குப் புரிந்தால்தானே அது திருந்தும்? புரியாவிட்டால் மிஞ்சுவது பயம் மட்டும்தான். மூன்று நாளாக வைத்த சோறு அப்படியே காய்ந்து கிடந்ததும் அப்போதுதான் உறைத்தது. வேறு எங்காவது தின்றிருப்பாள் என்று நினைத்து விட்டிருந்தேன்.

பெட்டியை அணைத்துவிட்டு நின்றபோது இன்னொன்றும் மனதில் வந்தது. கருப்பி வண்டிக்கு அடியில் ஓடுகிறாள் என்றால் ஒலி வருகிறது என்றுதானே அர்த்தம்? பெட்டிக்கு நேர் எதிரே இருக்கிற வெள்ளையன் ஏன் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை?

அன்று சாயங்காலம் அண்ணன் வீட்டுக்குப் போனேன். பெட்டி வாங்கியதிலிருந்து எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் முகம் மாறியது, ஆனால் கத்தவில்லை. மதினிதான் சொன்னார், "இவன் கூப்பிட்டா வரவே மாட்டான். திமிரு பிடிச்சவன்னு நாங்க விட்டுட்டோம்." எனக்கு வயிற்றில் சொரேர் என்றது. வெள்ளையன் சோற்றுத் தட்டில் மும்முரமாக இருந்தான். அவன் பின்னால், நிழல் அவன்மேல் விழாத மாதிரி நின்று, ஒரு எவர்சில்வர் தட்டில் கரண்டியால் ஓங்கித் தட்டினேன். உள்ளறையிலிருந்து பிள்ளை எட்டிப் பார்த்தான். வெள்ளையனின் காதுமடல்கூட அசையவில்லை. அண்ணன் கரண்டியை வாங்கி அவரே மூன்று தடவை தட்டினார். பிறகு கீழே உட்கார்ந்து அவன் முதுகைத் தொட்டார். வெள்ளையன் திடுக்கிட்டுத் திரும்பி, அவரைப் பார்த்ததும் வாலாட்டினான். "ரெண்டு வருசமா இவன அதட்டிக்கிட்டே இருந்தேனே தங்கச்சி" என்று மட்டும் சொன்னார்.

கால்நடை மருத்துவர் சாவிக்கொத்தை வைத்து அதே மாதிரி சோதித்து, இரண்டு காதும் கேட்கவில்லை, பிறவியிலேயே இப்படி என்றார். ராஜபாளையம் நாய்களில் இது தெரிந்த குறைதானாம். தோலுக்கும் முடிக்கும் நிறம் கொடுக்கிற செல்கள் உள்காதுக்கும் தேவை. வெள்ளை நாய்களில் அந்தச் செல்கள் காதில் இல்லாமல் போனால், குட்டி பிறந்த சில வாரங்களிலேயே ஒலியை உணரும் செல்கள் அழிந்துவிடும். டால்மேஷன் நாய்களிலும் இதே கதை. குட்டி வாங்குகிறவர்கள், முக்கியமாக வெள்ளைக் குட்டி வாங்குகிறவர்கள், அதைத் தனியாக விட்டுப் பின்னால் நின்று தட்டிப் பாருங்கள். மற்றக் குட்டிகளோடு இருக்கும்போது அவை திரும்புவதைப் பார்த்து இதுவும் திரும்பிவிடும், குறை தெரியாது.

காது கேட்காத நாய்க்குக் கண்தான் எல்லாம். வெள்ளையன் நாள் முழுக்கத் தெருவைப் பார்த்துக் குரைத்ததற்குக் காரணம் அதுதான். தன் குரைப்பே அவனுக்குக் கேட்காது. அதனால் செய்தது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. கேட்டின் கீழ்ப்பாதிக்கு அண்ணன் தகரம் அடித்தார். தூணில் கட்டுவதை நிறுத்தி, பின்பக்க முருங்கை மரத்து நிழலில் நீளமான கயிற்றில் விட்டார். காலை 5.30க்கு எழுந்து முக்கால் மணி நேரம் நடக்கக் கூட்டிப் போனார், அதுதான் பாதி வேலையைச் செய்தது என்பது என் எண்ணம். களைத்த நாய் பத்து மணிக்குத் தூங்கிவிடும். அப்புறம் கைச் சைகை. உள்ளங்கையை விரித்து முகத்துக்கு நேரே காட்டினால் நிறுத்த வேண்டும், நிறுத்தினால் கட்டைவிரலை உயர்த்திக் காட்டி ஒரு துண்டு வேகவைத்த ஈரல். அதட்டல் இல்லை, அடி இல்லை. தூங்கும்போது தொட்டு எழுப்பாமல் தரையில் காலைத் தட்டி அதிர்வில் எழுப்பச் சொன்னார் மருத்துவர். தெருவில் கயிறில்லாமல் விடவே கூடாது என்றும் சொன்னார்.

என் பக்கத்திலும் ஒன்று மாற்றினேன். நாயின் காதில் ஒலியைப் பாய்ச்சுவதைவிட என் காதுக்கு அருகே ஒன்றை ஓட விடுவது எளிது. கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடுவே பழைய பெடஸ்டல் ஃபேனைப் போட்டேன். அதன் ஒரே சீரான இரைச்சலில் தூரத்துக் குரைப்பு கரைந்துவிடுகிறது. பஞ்சு மாதிரியான காதடைப்பானும் வைத்துக்கொள்வேன். வார்டிலிருந்து போன் வந்தால் தெரியவேண்டுமே என்று அதை அதிர்வில் போட்டுத் தலையணைக்கு அடியில் வைப்பேன்.

ஆறு வாரம் கழித்து மறுபடி நோட்டில் குறித்தேன். அதே 9 முதல் 2 மணிக்குள் 9 தடவை, எதுவும் மூன்று நிமிடம் தாண்டவில்லை. சிலிண்டர் வண்டி வந்தால் மட்டும் அடங்க மாட்டான். தகரத்துக்கு மேலே அந்தச் சிவப்பு உருளைகள் தெரிகின்றன.

ஒலிக்கருவியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. என்னோடு வேலை பார்க்கிற ஒருவர் தன் சொந்த நாய்க்குப் பொத்தானை அழுத்தும் கையடக்கக் கருவி வைத்திருக்கிறார். குரைத்த கணமே அழுத்தி, வாயை மூடிய கணமே விட்டு, உடனே தின்னக் கொடுக்கிறார். நாய் இளசு, நன்றாகக் காது கேட்கிறது, பழக்கத்தில் குரைக்கிறதே தவிரப் பயத்தில் இல்லை. அங்கே அது பலிக்கிறது. தனிமையிலோ பயத்திலோ குரைக்கிற நாயிடம் அதைக் காட்டினால் பயம் இரட்டிப்பாகும். வயதான நாய்க்குப் பாதி கேட்காது. தானாக இயங்குகிற பெட்டியைப் பல நாய்கள் உலவுகிற நம் தெருக்களில் வைப்பதை மட்டும் என்னால் ஒத்துக்கொள்ள முடியாது.

பேட்டரியைக் கழற்றிவிட்டுப் பெட்டியைப் பரணில் போட்டுவிட்டேன். யாருக்காவது கொடுக்கவும் தயக்கமாக இருக்கிறது.

கருப்பி அதற்குப் பிறகும் எங்கள் சுவர் ஓரம் வரவில்லை. சோற்றை முதலில் தெரு முனையில் வைத்தேன், அப்புறம் மூன்று நாளைக்கு ஒருமுறை ஒரு வீடு இந்தப் பக்கம் நகர்த்தினேன். குக்கர் சத்தம் வந்தால் தின்பதை விட்டுவிட்டு அண்ணாந்து எங்கள் மாடியைப் பார்ப்பாள். நாலாவது வாரம் ஒரு ராத்திரி டூட்டிக்குக் கிளம்பும்போது, பழைய இடத்தில் அயிரை மீன் குழம்பு ஊற்றிய சோற்றை வைத்துவிட்டு வண்டியை எடுத்தேன். திரும்பிப் பார்க்கும்போது நின்றுகொண்டு தின்றாள், பின்னங்கால்கள் இரண்டும் ஓடுவதற்குத் தயாராக வளைந்திருந்தன.