அம்புக்குறி தப்பிய மூன்று மண்கட்டிகள்

ஹரிதல்யாங்கரில் இரண்டு சீசன் வேலை பார்த்தேன் என்று சொன்னால், விஷயம் தெரிந்தவர்கள் முதலில் கேட்பது "பல் ஏதாவது கெடச்சுதா?" என்பதுதான். கிடைக்கவில்லை. இமாசலப் பிரதேசத்தின் பிலாஸ்பூர் மாவட்டத்துச் சிற்றூர் அது. சுற்றியுள்ள சிவாலிக் குன்றுகளில் ஆதி வாலில்லாக் குரங்குகளின் தாடையும் பல்லும் பல தலைமுறைகளாகக் கிடைத்துவருகின்றன. எனக்கு வாய்த்தது மண்கட்டி வெட்டுகிற வேலை.

நான் கல்லூரியில் படித்தபோது கைடுகளில் 'ராமாபித்திகஸ்: மனித இனத்தின் முதல் மூதாதை' என்று ஒரு வரி இருக்கும். அதை மனப்பாடம் செய்துதான் பாஸானேன். 1932-ல் எட்வர்ட் லூயிஸ் என்ற அமெரிக்க மாணவர் ஹரிதல்யாங்கர் பக்கம் எடுத்த ஒரு மேல்தாடைத் துண்டுக்கு வைத்த பெயர் அது. 1960களில் எல்வின் சைமன்ஸ் என்ற புதைபடிவ ஆய்வாளர் அதை மனித வரிசையில் கொண்டுபோய் உட்காரவைத்தார். 1967-ல் சாரிச், வில்சன் இருவரும் ரத்தப் புரதங்களை ஒப்பிட்டு, மனிதனும் ஆப்பிரிக்க வாலில்லாக் குரங்குகளும் பிரிந்து சுமார் 50 லட்சம் ஆண்டுகள்தான் ஆகின்றன என்றபோது எலும்புக்காரர்களுக்குக் கோபம் வந்தது. பிறகு பாகிஸ்தானின் போத்வார் மேட்டுநிலத்தில் கிடைத்த, சிவாபித்திகஸ் என்ற ஆதி வாலில்லாக் குரங்கின் முகம் ஒன்றை டேவிட் பில்பீம் 1982-ல் வெளியிட்டார். அப்படியே ஒராங்குட்டான் ஜாடை. ராமாபித்திகஸ் என்ற பெயர் சிவாபித்திகஸுக்குள் கரைந்துபோயிற்று. எங்கள் கைடுக்கு மட்டும் தகவல் போய்ச் சேரவில்லை.

இந்த எலும்புகளின் வயது விஷயத்துக்கு வருகிறேன். "கார்பன் டேட்டிங் பண்ணுவீங்களா?" என்று ஊரில் கேட்பார்கள். அது 50,000 ஆண்டுக்கு மேல் எட்டாது. கிழக்கு ஆப்பிரிக்கக் களங்களில் எரிமலைச் சாம்பல் அடுக்குகள் உண்டு, அவற்றின் வயதை அளந்துவிடலாம். எங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஆறு கொண்டுவந்து கொட்டிய மணலும் வண்டலும்தான், அடுக்கு மேல் அடுக்காக. அந்த வண்டலில் இருக்கும் இரும்புத் துகள்கள் படிகிறபோது அன்றைய காந்தப்புலத்தின் திசையில் திரும்பிக்கொள்ளும். பூமியின் வடக்கு தெற்கு அவ்வப்போது தலைகீழாக மாறியிருக்கிறது. கடைசியாக மாறியது சுமார் 7.8 லட்சம் ஆண்டுக்கு முன். ஆகவே குன்றின் அடியிலிருந்து உச்சிவரை கட்டி கட்டியாக வெட்டி அளந்தால், நேர், தலைகீழ், நேர் என்று கறுப்பு வெள்ளைப் பட்டை ஒன்று கிடைக்கும்; நேர் கறுப்பு, தலைகீழ் வெள்ளை. உலகம் முழுக்கத் தெரிந்த பட்டையோடு அதைப் பொருத்திப் பார்க்க வேண்டும். ஓர் இடம் தள்ளிப் பொருத்தினாலும் பல லட்சம் ஆண்டு நகர்ந்துவிடும்.

கட்டி வெட்டுவது கேட்க எளிது. மேல்மண்ணைச் சுரண்டி, வெயில் படாத பகுதிவரை போக வேண்டும். களிப்பாறை பொருவிளங்காய் உருண்டை மாதிரி, அடித்தால் அசையாது. இன்னும் ஓர் அடி போட்டால் பொடிப்பொடியாகிவிடும். பாறையை விட்டு எடுக்கும் முன்பே ஒரு முகத்தை அரத்தால் சமன் செய்து, காம்பஸை அதன் மேல் வைத்து, திசை பார்த்து, அம்புக்குறி போட்டு, எண் எழுதி, நோட்டில் பதிந்து, அதற்குப் பிறகுதான் பெயர்க்க வேண்டும். பெயர்த்துவிட்டு அம்பு போட்டால் அது வெறும் மண்ணாங்கட்டி. சுத்தியலை இடுப்பில் செருகிக்கொண்டு காம்பஸ் பார்த்தால் முள் சுத்தியலைப் பார்க்கும். முதல் வாரத்திலேயே அதற்குத் திட்டு வாங்கியாயிற்று.

கூட வந்த உள்ளூர்ப் பெரியவரை நாங்கள் சாச்சா என்று கூப்பிடுவோம். மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டே இந்தியில் ஒரு நாள் சொன்னார்: "எலும்பு தேடி வந்தவங்களைப் பார்த்திருக்கேன் பாபுஜி. மண்ணு தேடி வந்த ஆளு நீங்கதான்." 1968-ல் சைமன்ஸும் பஞ்சாப் பல்கலைக்கழகத்தின் சோப்ராவும் வந்தபோது கிடைத்த பெருங்கீழ்த்தாடைகூட, விவசாயி ஒருவர் பல வருஷம் முன்பே கண்டெடுத்து வைத்திருந்ததுதான். அந்தப் பெரிய வாலில்லாக் குரங்கை இன்று இண்டோபித்திகஸ் என்கிறார்கள். அப்படிப்பட்ட பொருளைக் கையில் வாங்கியவுடன் கேட்க வேண்டிய கேள்வி 'எங்கே எடுத்தீர்கள்' என்பது. எலும்புக்கென்று தனியாக வயது கிடையாது. அது கிடந்த அடுக்குக்குத்தான் வயது.

என் இன்னொரு வேலை எனக்குப் பிடித்த வேலை. அந்தச் செம்மண் அடுக்குகளில் கோலிக்குண்டு அளவில் வெள்ளை உருண்டைகள் பதிந்திருக்கும். முதல் நாள் பார்த்ததும் "சுக்கான்!" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். எங்கள் ஊர்க் கரிசலில் கிணறு வெட்டினால் வருகிற அதே சுக்கான் கல். மழையில் கரைந்த சுண்ணாம்பு, மழை விட்ட பிறகு மண் காயும்போது உருண்டு கெட்டிப்படுவது. அப்படியென்றால் ஹரிதல்யாங்கர் வருஷம் முழுக்க மழை கொட்டிய காடு அல்ல; ஈரக்காலம் ஒன்று, வறண்ட காலம் ஒன்று இருந்திருக்கிறது.

அந்தச் சுக்கானுக்குள் வேர்கள் விட்ட மூச்சும் இருக்கிறது. தாவரங்கள் காற்றிலிருந்து கரியை (கார்பனை) எடுத்துச் சேர்ப்பதில் இரண்டு கட்சி. மரங்களும் நெல்லும் ஒன்று. சோளம், கம்பு, கரும்பு, வெப்பமண்டலப் புற்கள் இன்னொன்று. இரண்டும் மண்ணில் விடுகிற கரியின் ஐசோடோப் கணக்கு, அதாவது எடை கூடிய கரி அணுவுக்கும் குறைந்த அணுவுக்கும் உள்ள விகிதம், வேறு. ஜே குவேடும் கூட்டாளிகளும் 1989-ல் போத்வார் சுக்கானை அளந்து, 80 லட்சம் ஆண்டுக்குச் சற்றுப் பின்னால் முதல் கட்சி தோற்றுப் புல் கட்சி வென்றதைக் காட்டினார்கள். அதற்குள் சிவாபித்திகஸ் அங்கிருந்து மறைந்துவிட்டது. பழம் தின்று மரத்தில் வாழ்கிற பிராணிக்குப் புல்வெளியில் என்ன வேலை? ஆனாலும் காடு ஒரே நாளில் புல்வெளியாகிவிடவில்லை. சிவாலிக்கில் மூன்று குளம்புக் குதிரையும் கிடைக்கிறது, சருகுமான் இனமும் கிடைக்கிறது. நான் எடுத்த ஒரே எலும்பு சுண்டுவிரல் நகம் அளவுள்ள ஒரு கணுக்கால் எலும்பு. சருகுமான் வகை என்றார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையில் இன்றைக்கும் புதருக்குள் ஒளிகிற ஜாதி. அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை, சந்தோஷத்தில்.

தப்பு நடந்தது முதல் சீசன் முடிகிற சமயத்தில். பிப்ரவரி, மழை கூடிவிட்டது, ஒரு விளிம்பில் நின்றுகொண்டு மூன்று கட்டி வெட்டினேன். நான்கு மாதம் கழித்து கட்டிகளை அளந்த முடிவு வந்தது. மேலும் கீழும் எல்லாம் வடக்கு பார்க்க, அந்த மூன்று மட்டும் தெற்கு. யாரும் பார்க்காத ஒரு தலைகீழ்க் காலத்தை நான் கண்டுபிடித்துவிட்டேன்! மூன்றும் ஒத்துப்போகின்றனவே! பட்டையில் வெள்ளைக்கோடு வரைந்து, பொருத்தத்தையே மாற்றிப் பார்த்து, இரண்டு நாள் தூங்கவில்லை.

எங்கள் சீனியர் வரைபடத்தைப் பார்க்கவே இல்லை. திருத்தாத எண்களைக் கேட்டார். "தெற்கே பாக்குது, சரி. ஆனா ஏன் கீழே குனியுது?" என்றார். புரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. நம் பாதி உருண்டையில் நேர்க்காலத்துத் துகள் வடக்கே பார்த்துக் கீழே குனியும். தலைகீழ்க் காலத்துத் துகள் தெற்கே பார்த்து மேலே நிமிர வேண்டும். தெற்கே பார்த்துக் கீழே குனிகிற காந்தப்புலம் அந்த ஊரில் கிடையாது. அப்படி இருந்தால் அம்பு போட்டவன் திசை மாற்றிப் போட்டிருக்கிறான். அவசரத்தில் காம்பஸ் முள்ளின் தெற்கு முனையைப் படித்திருக்கிறேன், மூன்று தடவையும். அவர் கத்தவில்லை. "180 டிகிரி திருப்பிக் கணக்குல சேத்துரலாமா சார்?" என்று கேட்டேன். அதற்குத்தான் கத்தினார்.

2005-ல் ஒரு சர்வதேசக் குழு ஹரிதல்யாங்கர் பட்டையின் பழைய பொருத்தத்தை மறுபடி எடுத்துப் பார்த்து, இண்டோபித்திகஸ் கிடந்த அடுக்குக்குச் சுமார் 86 லட்சம் ஆண்டு என்று சொன்னது. முன்பு நினைத்ததைவிட மூத்தது. பழைய பட்டையை வரைந்தவர்கள் கெட்டிக்காரர்கள்தான். பொருத்திப் பார்க்க அன்று அவர்கள் கையிலிருந்த உலகப் பட்டை பழசு. அந்தக் கட்டுரையைப் படிக்கும்போது எனக்குக் குரங்கு ஞாபகம் வரவில்லை, அந்த விளிம்புதான் வந்தது.

அடுத்த சீசன் முதல் வேலையாக சாச்சாவைக் கூட்டிக்கொண்டு அங்கே போனேன். மழைக்கு விளிம்பு சரிந்து ஓடைக்குள் கிடந்தது. பக்கவாட்டில் அதே அடுக்கைத் தொடர்ந்து போய் வெட்டலாமென்றால் எல்லாம் புரண்ட மண். சாச்சா ஓடையில் இறங்கி, ஒரு கட்டியைக் கையில் எடுத்து, "இது ஆகாதா பாபுஜி?" என்றார். எந்தப் பக்கம் மேலே இருந்தது என்று தெரியாமல் ஆகாது என்றேன். எங்கள் பட்டையில் அந்த இடம் கறுப்பும் இல்லை வெள்ளையும் இல்லை. ஒரு பெருக்கல் குறி போட்டிருக்கிறது.