நார்தர்லின்னா வடக்கே போறதா, வடக்கேர்ந்து வர்றதா? எஸ்எஸ்சிக்கு படிக்கிறவங்களுக்கு

மத்திய அரசு வேலைக்கு எழுதுற எஸ்எஸ்சி சிஜிஎல் பரீட்சையோட முதல் கட்டமான டயர் 1-ல இங்கிலீஷ் மட்டும் 25 கேள்வி, 50 மார்க்கு, ஒரு தப்புக்கு அரை மார்க் கட். நான் காசிமேட்டுல இருந்து படிச்சேன். ஒரு மாக் டெஸ்ட்ல நார்தர்லி விண்ட்னா என்னன்னு கேட்டிருந்தாங்க, வடக்கு பக்கமா போற காத்துன்னு போட்டேன், தப்பு. கோச்சிங்ல ஏன்னு கேட்டதுக்கு மனப்பாடம் பண்ணிக்கோப்பான்னு சொல்லிட்டாங்க, எனக்கு அது பத்தல.

அன்னிக்கு சாயங்காலம் ஹார்பர்ல மாமா கிழிஞ்ச வலைய தச்சிக்கினு இருந்தாரு, அவராண்ட சொன்னேன். "வாடை எங்கேர்ந்துடா வருது?"ன்னாரு. வடக்கேர்ந்துன்னேன். என்னை எண்ணூர் பக்கமா திருப்பி நிக்க வச்சாரு, காத்து நேரா மூஞ்சில அடிச்சிது. "இதான் வாடை, போய் எழுது"ன்னாரு. நம்ம வாடை, கொண்டல், தென்றல் எல்லாமே காத்து கிளம்புற திசைய வச்சி வந்த பேருதான், இங்கிலீஷும் காத்துக்கு அதே கணக்குதான் பாக்குது. ஐப்பசி, கார்த்திகைல நமக்கு மழை கொண்டு வர்றது வடகிழக்கேர்ந்து வர்ற காத்து, அதனாலதான் அது வடகிழக்கு பருவமழை.

ஆனா இன் எ நார்தர்லி டைரக்‌ஷன்னு வந்தா அப்படியே உல்டா, வடக்கு நோக்கின்னு அர்த்தம். அதனால நார்தர்லிய பாத்த உடனே டிக் பண்ணாதீங்க, பக்கத்துல இருக்கிற வார்த்தை விண்டா டைரக்‌ஷனான்னு பாருங்க. நார்த்பவுண்ட்ல இந்த குழப்பம் இல்ல, வடக்கு நோக்கி போறதுன்னு மட்டும்தான் அர்த்தம், சென்ட்ரல்ல ஏறி கொருக்குப்பேட்டை, திருவொத்தியூர் வழியா கும்மிடிப்பூண்டி போற லோக்கல் நார்த்பவுண்ட், அவ்ளோதான்.

நார்தர்ன்னா அந்த பக்கத்து ஏரியாவ சேர்ந்தது, நார்தர்ன் டிஸ்ட்ரிக்ட்ஸ் மாதிரி. பேருல மட்டும் ரூல் கிடையாது, நார்த் கொரியா ஆனா நார்தர்ன் அயர்லாந்து, அதை படிச்சி வச்சிக்கிறத தவிர வேற வழி இல்ல.

ப்ரிபொசிஷன்லயும் கேப்பாங்க. ராயபுரம் சென்னைக்கு உள்ளயே இருக்கு, அதனால இன் த நார்த் ஆஃப் சென்னை. பொன்னேரி சென்னைய தாண்டி வெளிய இருக்கு, அதுக்கு டு த நார்த் ஆஃப் சென்னை. ஸ்பாட் த எரர் வந்தா அந்த ஊரு உள்ளயா வெளியவான்னு முதல்ல கேட்டுக்கோங்க.

இன்னொண்ணு, சவுத்ல சவுன்னு வர்ற சத்தம் சதர்ன்ல வராது. சதர்ன் ரயில்வேன்னு சத்தமா பத்து தடவ சொல்லிப் பாருங்க, பழகிடும்.