ஒரு நோஞ்சான் பாலம் காப்பாற்றிய எஞ்சின்கள்

"ரயிலே ஓடாத ரயில் பாதையைப் பார்க்கவாங்க இவ்வளவு தூரம் வந்தோம்?" என்று மனைவி கேட்டபோது, ஹேவண்ட் ஸ்டேஷனை விட்டுக் கால் மணி நேரம்கூட நடந்திருக்க மாட்டோம். நியாயமான கேள்விதான். லண்டன் வாட்டர்லூவில் ரயில் ஏறி, ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்து இங்கிலாந்தின் தெற்குக் கரைக்கு வந்திருந்தோம். வந்து பார்த்தால் இரண்டு பக்கமும் முட்புதர், நடுவில் ஒரு மண்பாதை. நாயைக் கூட்டிக்கொண்டு உலாவ வந்தவர்களைத் தவிர ஆள் நடமாட்டம் இல்லை.

"கொஞ்சம் பொறு, தண்ணீர் தெரியட்டும்" என்றேன்.

இந்தப் பாதைக்கு இப்போது 'ஹேலிங் பில்லி' என்று பெயர். ஹேவண்டிலிருந்து ஹேலிங் தீவுக்கு 1867 முதல் 1963 வரை பயணிகள் ரயில் ஓடிய தடம். மொத்தமே நாலரை மைல். அதில் ஓடிய எஞ்சின்களுக்காகத்தான் நான் வந்தேன். ரயில் பைத்தியங்கள் அவற்றை 'டெரியர்' என்று, ஒரு சின்ன நாய் இனத்தின் பெயரால் அழைப்பார்கள். புகைபோக்கியிலிருந்து வரும் சத்தம் குட்டி நாய் குரைப்பது போல இருக்குமாம்.

வில்லியம் ஸ்ட்ரௌட்லி 1870-இல் லண்டன் பிரைட்டன் ரயில் கம்பெனியின் எஞ்சின் பிரிவுக்குத் தலைமை ஏற்றார். தென் லண்டனில் அடிக்கடி நின்று நின்று போகும் ரயில்கள், கனம் தாங்காத தண்டவாளம், தேம்ஸ் நதிக்கு அடியில் போகும் சுரங்கம். இதற்கெல்லாம் ஏற்ற மாதிரி ஆறு சக்கரத்தில் ஒரு சின்ன டேங்க் எஞ்சினை வடிவமைத்தார். நிலக்கரிக்கும் தண்ணீருக்கும் பின்னால் தனி வண்டி கிடையாது. கொதிகலனின் இரு பக்கமும் தண்ணீர்த் தொட்டி, டிரைவரின் முதுகுக்குப் பின்னால் கரி. கடைசி ஸ்டேஷனில் திருப்ப வேண்டிய வேலையே இல்லை, அப்படியே பின்னோக்கி ஓட்டிக்கொண்டு வந்துவிடலாம். சக்கரத்தின் உயரம் 4 அடி, எடை ஏறக்குறைய 28 டன். 1872-க்கும் 1880-க்கும் இடையில் பிரைட்டன் பட்டறையில் 50 எஞ்சின்கள் செய்தார்கள்.

பாப்லர், ஸ்டெப்னி, ஃபென்சர்ச் என்று பெரும்பாலானவற்றுக்கு லண்டன் வட்டாரங்களின் பெயர். தொட்டியின் பக்கவாட்டில் பெரிதாக எழுதியிருக்கும். அதை போர்டு என்று நினைத்து யாராவது வேறு ஊருக்குப் போகும் ரயிலில் ஏறியிருப்பார்களோ என்று எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம். உடம்பு முழுக்கக் காவி கலந்த மஞ்சள். கம்பெனி மட்டும் அதற்கு 'மேம்பட்ட எஞ்சின் பச்சை' என்று பெயர் வைத்திருந்தது! டிரைவருக்கு ஒரு மரியாதை: அவர் பெயரை எஞ்சினின் அறைக்குள்ளேயே எழுதி வைப்பார்கள். 'பிரைட்டன்' என்ற டெரியர் 1878 பாரிஸ் கண்காட்சியில் தங்கப் பதக்கம் வாங்கியது.

ஆனால் ரயில்கள் நீண்டுகொண்டே போயின. கூட்டமும் ஏறியது. 1909-இல் தென் லண்டன் தடத்துக்கு மின்சார ரயில் வந்துவிட்டது. அதற்கு முன்பே டெரியர்களை உடைக்கவும் விற்கவும் தொடங்கிவிட்டார்கள். ஃபென்சர்ச் 1898-இல் நியூஹேவன் துறைமுகத்துக்குப் போனது. பாப்லரை 1901-இல் கிராமத்து ரயில் ஒன்று 650 பவுண்டுக்கு வாங்கி, 'போடியம்' என்று பெயர் மாற்றிக்கொண்டது. நியாயமாக அத்தோடு கதை முடிந்திருக்க வேண்டும்.

அப்போதுதான் புதர் விலகி, லாங்ஸ்டன் துறை தெரிந்தது. கடல் உள்வாங்கியிருந்த நேரம். சேறும் உப்பும் கலந்த வாடை. எதிரே, தீவை நோக்கி வரிசையாகக் கட்டைகட்டையாக ஏதோ நின்றது. பாலத்தின் அடித்தூண்கள்! பாலம் மரத்தால் ஆனது. பிறகு தூண்களைச் சுற்றி கான்கிரீட் போட்டுப் பார்த்தார்கள், அப்படியும் அதற்குத் தெம்பு வரவில்லை. கனமான எஞ்சின் எதையும் அதன் மேல் விட முடியாது. டெரியர் மட்டும் போகலாம். கோடையில் கடற்கரைக்குப் போகும் கூட்டம் எவ்வளவு அலைமோதினாலும் வேறு வழியில்லை, அதே குட்டி எஞ்சின்தான். மரப்பாலத்தில் நெருப்புப் பொறி விழுந்தால் என்னாவது என்று புகைபோக்கியின் தலையில் கூடை மாதிரி ஒன்றையும் மாட்டியிருந்தார்கள்.

வலுவான பாலம் கட்டியிருந்தால் பெரிய எஞ்சின்கள் வந்திருக்கும், இந்தக் கிழடுகள் எப்போதோ பழைய இரும்பாகியிருக்கும். இதைத்தான் மனைவியிடம் உற்சாகமாக விளக்கிக்கொண்டே தூண்களைக் கிட்டப் போய்ப் பார்க்க இறங்கினேன். நாலாவது அடியில் வலது கால் கணுக்கால் வரை சேற்றில் போனது. ஷூவை இழுத்தால் கால் மட்டும் வந்தது. "28 டன் எஞ்சினைத் தாங்குச்சாம், உங்களைத் தாங்கலையே" என்று அவர் சிரித்ததில் பக்கத்தில் இருந்த நாய்க்காரர்கூடத் திரும்பிப் பார்த்தார். பாலம்தான் தாங்கியது, சேறு இல்லை என்று சொல்லும் நிலையில் நான் இல்லை.

காப்பாற்றிய பாலமே கடைசியில் தடத்தை மூடவும் வைத்தது. புதுப்பிக்கச் சுமார் 4 லட்சம் பவுண்டு ஆகும் என்றார்கள். கூட்டம் வந்துகொண்டிருந்த தடம்தான், ஆனாலும் அவ்வளவு பணம் போட யாரும் தயாராக இல்லை. 1963 நவம்பர் 2-ஆம் தேதியோடு சேவை நின்றது. மறுநாள் ரசிகர்களுக்காக ஒரு சிறப்பு ரயில் ஓடியது. அதன் ஒரு முனையில் ஃபென்சர்ச், மறு முனையில் பாப்லர். இரண்டும் 1872-இல் பிறந்தவை, அன்றைக்கு ஏறக்குறைய 91 வயது. விற்ற கம்பெனியின் வாரிசுகளிடமே சுற்றிச் சுற்றித் திரும்பி வந்திருந்தன.

50-இல் 10 இன்னும் இருக்கின்றன. ஸ்டெப்னியை 1960-லேயே, பழைய நீராவி ரயில்களைப் பாதுகாத்து ஓட்டும் ப்ளூபெல் ரயில்வே ஆர்வலர்கள் வாங்கினார்கள், ஃபென்சர்ச்சும் பிறகு அங்கேதான் போனது. நியூயிங்டன் என்று பிறந்த ஒன்று, 1966-இல் ஹேலிங் தீவிலேயே ஒரு மதுக்கடை வாசலில் விளம்பரப் பொம்மையாக நின்றது. 13 வருடம் வெயில், மழை, கடல் காற்று. 1979-இல் அதை வைட் தீவுக்கு எடுத்துப்போய்ச் சரிசெய்து, மறுபடி நெருப்பு மூட்டி ஓடவிட்டார்கள்.

ஈர ஷூவோடு சாலைப் பாலம் வழியாகத் தீவுக்குள் போனோம். அங்கேயும் பழைய தடம் தொடர்கிறது, கடலை ஒட்டியே. முடிவில் ஸ்டேஷன் இல்லை. சரக்குக் கொட்டகை மட்டும் மிச்சம், அது இப்போது நாடக அரங்கம். பூட்டியிருந்தது.

திரும்பும்போது பஸ். சாலைப் பாலத்தில் ஏறியதும் இடது பக்கம் பார்த்தேன். தண்ணீர் ஏறியிருந்தது, தூண்களின் தலை மட்டும் தெரிந்தது. மனைவி ஜன்னலில் முகத்தை ஒட்டிக்கொண்டு அவற்றை எண்ணிக்கொண்டிருந்தார்.