கொழுந்துத் தராசும் காட்டத்தி மரமும்

லெந்து காலத்தில், ஈஸ்டருக்கு முந்தைய தவ நாட்களில், எங்கேயாவது போய்வர வேண்டும் என்று வருடாவருடம் நினைப்பேன், நினைப்பதோடு சரி. இந்த முறை மகள் ரயில் டிக்கெட்டை எடுத்துக் கையில் தந்துவிட்டாள். கொழும்புக் கோட்டையில் ஏறி மலையகத்து ஹட்டனில் இறங்கி, பஸ்ஸில் டிக்கோயா, அங்கிருந்து த்ரீவீலரில் வார்லி. 68 வயதில் தனியாக மலைக்குப் போக அவளிடம் சொன்ன காரணம் ஜெபம். சொல்லாத காரணம் ஒன்றும் இருந்தது.

வார்லியில் இருக்கும் கிறிஸ்து ஆலயம் அங்கிலிக்கன் சபையுடையது. 1878இல் கட்டிய கல் கோயில். இன்று படம் பிடிக்க வருகிறவர்கள் எல்லோரும் கீழே விரிந்து கிடக்கும் காசல்ரீ நீர்த்தேக்கத்தைத்தான் முதலில் பார்க்கிறார்கள். கட்டிய வெள்ளைக்காரத் தோட்டத் துரைமார் அந்தத் தண்ணீரைப் பார்த்ததே இல்லை; அணை வந்தது அவர்கள் போய் நெடுங்காலம் கழித்து. அவர்கள் பார்த்தது கோப்பிச் செடி. அதுவும் 1869இல் இலைநோய் கண்டு, கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டிருந்த கோப்பி. பிழைப்பு ஆட்டம் கண்ட நேரத்தில் கோயில் கட்டியிருக்கிறார்கள். பயமும் பக்தியும் கலந்துதான் இருந்திருக்க வேண்டும். எனக்கு எப்போதும் அப்படித்தான்.

முற்றத்தில் அவர்களுடைய கல்லறைகள். கல்லில் எல்லாம் ஆங்கிலப் பெயர்கள். என் பாட்டனுக்கு வேதம் சொன்னவர் துரை இல்லை, தமிழ் உபதேசியார். கோப்பித் தோட்டத்துச் சனங்களுக்கென்று 1854இல் தொடங்கிய தமிழ் கூலி மிஷன் வழியாக வந்தவர்களில் ஒருவர். அந்தப் பெயரைச் சொல்ல இன்றைக்குக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் எங்கள் வீட்டுக்கு வேதம் வந்தது அந்தப் பெயரோடுதான்.

காவலாளி கதவைத் திறந்துவிட்டார். உள்ளே நல்ல குளிர். வண்ணக் கண்ணாடி வழியாக வந்த வெளிச்சம் தரையில் சிவப்பும் நீலமுமாக விழுந்து கிடந்தது. கடைசி வாங்கில் உட்கார்ந்தேன். ஞாயிறுதோறும் சபையோடு சேர்ந்து பாவ அறிக்கை சொல்லிப் பழகிய வாய், தானாகவே ஆரம்பித்தது. பாதி வழியில் நின்றுபோனது. சபையோடு சொல்லும்போது "நாங்கள்" என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். தனியாக உட்கார்ந்தால் "நான்" என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது.

சரி, சொல்லிவிடுகிறேன். அந்தப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பதினோரு வருடம் கணக்கப்பிள்ளையாக இருந்தேன். பறித்த கொழுந்தை நிறுக்கும் மடுவத்தில் தராசு என் கையில். தண்ணிக்கு, கூடைக்கு என்று கழிப்பது வழக்கம்தான். நான் அதற்கு மேலும் கழித்தேன். ஒரு கிலோ, ஒன்றரைக் கிலோ. கழித்ததை வேண்டிய ஆட்களின் பெயரில் ஏற்றுவேன். மேலதிகக் கிலோவுக்குக் கிடைக்கும் காசில் எனக்குப் பங்கு. ஒரு பேருக்கு, அதாவது ஒரு நாள் முழுச் சம்பளத்துக்கு, அப்போது 16 கிலோ எடுக்க வேண்டும். மழையில் நனைந்து பதினாறரை கொண்டுவந்தவள் என் துண்டில் பதினைந்து ஆவாள். அவளுக்கு அரைப்பேர். அன்றைய உழைப்பில் பாதி போச்சு.

கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது என்று நீதிமொழிகளில் இருக்கிறது. அந்த வசனத்தை ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவனும் நான்தான். வசனம் தெரிந்ததால் நான் திருந்திவிடவில்லை.

அப்படி நான் அதிகம் கழித்தவர்களில் ஒரு அக்கா இருந்தார். ஒரே மாதத்தில் நான்கு அரைப்பேர். அதே மாதம், ஒரு ராத்திரி, என் மனைவிக்கு வலி கண்டது. தோட்டத்து லொறி கீழே ஃபேக்டரியில். அடைமழை. சத்தம் கேட்டு, தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்திலிருந்து கொங்காணியைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடிவந்தவர் அந்த அக்கா. வெந்நீர் வைத்து, கையைப் பிடித்துக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தார். விடிந்ததும் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய்விட்டார். அன்றைக்குப் பிறந்தவள்தான் இப்போது எனக்கு டிக்கெட் எடுத்துத் தந்த மகள்.

வார்லியில் எனக்குச் சகேயு ஞாபகத்துக்கு வந்தார். எரிகோவில் வரி வசூலித்தவர், குள்ளர், காட்டத்தி மரத்தில் ஏறியவர். பிரசங்கங்களில் அவர் மனந்திரும்பியதால் ஆண்டவர் அவர் வீட்டுக்குப் போனார் என்பது மாதிரி கேட்டுக் கேட்டுப் பழகியிருந்தேன். லூக்காவில் வரிசை அப்படி இல்லை. "சகேயுவே, நீ சீக்கிரமாய் இறங்கிவா, இன்றைக்கு நான் உன் வீட்டிலே தங்கவேண்டும்" என்பது முதலில். களவாடிய காசைத் திருப்புகிற பேச்சு அதற்குப் பிறகு. மரத்தில் இருந்தபோது அவர் ஒரு சதமும் திருப்பிக் கொடுத்திருக்கவில்லை. திருடன் வீட்டுக்குள் கர்த்தர் போகிறார். என் வீட்டுக்குள் அன்று அடைமழையில் நுழைந்தது யார் என்று இத்தனை வருடம் யோசிக்காமல் இருந்திருக்கிறேன். அந்த வாங்கில் கொஞ்ச நேரம் அழுதேன். காவலாளி வெளியே போய் நின்றுகொண்டார், நல்ல மனுசன்.

அழுகையோடு வீடு திரும்பியிருக்கலாம். ஆனால் சகேயு அழுததாக லூக்கா எழுதவில்லை. நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன் என்றுதான் சொன்னார்.

த்ரீவீலரை அந்தத் தோட்டத்துக்கு விடச் சொன்னேன். மடுவத்துக்குக் கூரை மாற்றியிருந்தார்கள். லயத்தில் விசாரித்ததும் ஒரு பையன் கூட்டிப்போனான். அக்காவுக்கு எண்பதைத் தாண்டியிருக்கும். கண் மங்கல். குரலை வைத்தே "கணக்கப்பிள்ளை ஐயாவா, உள்ளுக்கு வாங்க" என்றார். தேத்தண்ணி வந்தது. குடிக்க முடியவில்லை. மகள் எப்படி என்று கேட்டார். அப்புறம் சொன்னேன், எல்லாவற்றையும். கொண்டுபோன கவரை அவர் மடியில் வைத்தேன்.

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "தலையில தூக்கிட்டு வர்ற எங்களுக்குக் கிலோ தெரியாதாங்க ஐயா?" என்றார்.

"தெரிஞ்சுமா அன்னைக்கு ராத்திரி வந்தீங்க, அக்கா?"

"வலின்னு கத்துறது அந்தப் புள்ளதானே. தராசு இல்லையே."

கவரைத் தொட்டுப் பார்த்தார். திறக்கவில்லை. "இது எத்தனை அரைப்பேருக்கு?" என்றார். ஊருக்கெல்லாம் கணக்கு எழுதிய எனக்கு அந்தக் கணக்கு மட்டும் இல்லை; உத்தேசமாகப் போட்டது என்று ஒப்புக்கொண்டேன்.

"அப்ப உக்காருங்க. எண்ணுவோம்" என்றார். பேரனைக் கூப்பிட்டு கொப்பியும் பேனையும் கொண்டுவரச் சொன்னார். "மூத்தவனுக்கு சப்பாத்து வாங்க வச்சிருந்த மாசம் ஒன்னு. எழுதுங்க."

எழுதினேன்.