ஒரு நாள் காய்ச்சல்

காலையில் திருப்பூர் டவுன் பஸ்ஸில் பக்கத்து சீட் அக்காவின் தோள் பட்டபோதே சுட்டது. நல்ல காய்ச்சல்.

டிபன் பையிலிருந்து பனியன் வேஸ்ட் துணி ஒன்றை எடுத்து மூக்கைத் துடைத்தார். அப்புறம் அட்டையிலிருந்து ஒற்றையாக வெட்டி வைத்திருந்த டோலோவைப் பிரித்து, தண்ணீர்கூட இல்லாமல் விழுங்கினார்.

"லீவு போட்டிருக்கலாமுங்களே அக்கா?"

"இன்னைக்குப் போகலீன்னா இந்த மாச அட்டெண்டன்ஸ் போனஸே போயிரும் கண்ணு."

ஒரு நாள் சம்பளம் மட்டும்தான் போகும் என்றால் படுத்திருப்பார் என்றே நினைக்கிறேன். இ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் காப்பீடு இருக்கிறதே என்பீர்கள். சரி, இருக்கிறது, உடம்பு சரியில்லாமல் லீவு போட்டால் சம்பளத்தில் 70 சதவீதம், வருடத்துக்கு 91 நாள் வரை. ஆனால் பொதுவாக முதல் இரண்டு நாளுக்கு அதில் காசு கிடையாது, சாதாரணக் காய்ச்சல் அந்த இரண்டு நாளில்தானே வந்து போகிறது!

(நான் மட்டும் என்ன, போன மாதம் இருமிக்கொண்டே ஆபீஸ் போய் மூன்று பேருக்கு ஒட்டவைத்தவன்தான்.)

கம்பெனி ஸ்டாப் வந்ததும் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்து, பொட்டைச் சரிசெய்துகொண்டு இறங்கினார். சூப்பர்வைசருக்குத் தெரிந்தால் திருப்பி அனுப்பிவிடுவாராம்.