ஆக்லாந்து–துபாய்: 17 மணி நேரமும் ஒரே இரவு

எந்த ஏர்லைன்ஸ் நல்லது என்று யாராவது என்னிடம் கேட்டால், வாசலில் எப்படி வரவேற்றார்கள், எத்தனை படம் வைத்திருந்தார்கள் என்பதை நான் பெரிதாகச் சொல்வதில்லை. முதல் சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போய், விளக்கை அணைத்த பிறகு, அடுத்த சாப்பாடு வரும்வரை நடுவில் நீளமாகக் கிடக்கிறதே ஒரு நேரம், அதில் என்ன நடந்தது என்றுதான் சொல்வேன். நான்கு மணி நேரப் பயணத்தில் அப்படி ஒரு நேரமே கிடையாது. நெடுந்தூர விமானத்தில் பயணத்தின் பெரும்பகுதியே அதுதான். விளம்பரத்தில் வராததும் அதுதான்.

அந்த நேரத்தை முழுசாக அனுபவிக்க எமிரேட்ஸின் ஆக்லாந்து–துபாய் விமானம் போதும். 2016 மார்ச்சில் தொடங்கிய நேரடிச் சேவை இது. இடைவெளி ஏறத்தாழ 14,200 கிலோமீட்டர். துபாயிலிருந்து போகும்போது 16 மணி நேரத்தை ஒட்டி முடிந்துவிடும். திரும்பும்போது 17 மணி நேரத்தைத் தாண்டும். தூரம் ஒன்றுதான், காற்றுதான் வேறு. விமானம் பறக்கும் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே ஆறாக ஓடும் காற்று, போகும்போது பின்னாலிருந்து தள்ளும், வரும்போது முகத்துக்கு நேரே நிற்கும்.

நேரத்தை விட எனக்குப் பெரிதாகத் தோன்றியது இன்னொன்று. ஆக்லாந்தில் இரவு ஒன்பது மணியை ஒட்டிக் கிளம்பும் விமானம், துபாயில் விடிவதற்கு முன் இறங்குகிறது. மேற்கு நோக்கியே பறப்பதால் இருட்டும் கூடவே வருகிறது. 17 மணி நேரம் ஜன்னலுக்கு வெளியே ஒரு கீற்று வெளிச்சம் கிடையாது. வாழ்க்கையில் அவ்வளவு நீளமான இரவை வேறு எங்கும் நான் பார்த்ததில்லை.

விமானம் ஏர்பஸ் ஏ380. இரண்டு மாடி, நான்கு என்ஜின், இறக்கையின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு ஏறக்குறைய 80 மீட்டர். இந்த ரகத்தில் மொத்தம் 251 விமானங்கள்தான் விற்பனைக்குப் போயின. அதில் கிட்டத்தட்ட பாதியை வாங்கியது எமிரேட்ஸ். 2021 டிசம்பரில் கடைசி விமானத்தையும் அவர்களிடமே கொடுத்துவிட்டு ஏர்பஸ் உற்பத்தியை நிறுத்திவிட்டது. இனிமேல் புதிதாக ஒன்று வராது என்ற நினைப்பே ஏறும்போது மனதை ஏதோ செய்தது.

எங்கள் எகானமி கேபின் கீழ் மாடியில். வரிசைக்கு மூன்று, நான்கு, மூன்று என்று பத்து இருக்கைகள். இந்த அமைப்பில் நான் எப்போதும் நடு நான்கில் நடைபாதையை ஒட்டிய ஓர இருக்கையைத்தான் கேட்டு வாங்குவேன். பக்கவாட்டு மூன்றில் ஓரத்தில் உட்கார்ந்தால் உள்ளே இருக்கும் இரண்டு பேருக்கும் எழுந்து வழிவிட வேண்டும். நடு நான்கில் ஒருவருக்கு விட்டால் போதும். மற்ற இருவரும் அந்தப் பக்கமாகப் போய்விடுவார்கள். ஐந்து மணி நேரப் பயணத்தில் இது பெரிய விஷயமில்லை. 17 மணி நேரத்தில் தூக்கமே இதைப் பொறுத்துதான். ஜன்னல்? இந்த விமானத்தில் ஜன்னலில் பார்க்க இருட்டைத் தவிர என்ன இருக்கிறது! தடுப்புச் சுவரை ஒட்டிய முதல் வரிசையில் கால் நீட்ட இடம் உண்டுதான். ஆனால் கைக்குழந்தைகளுக்கான தொட்டில் மாட்டுவதும் அங்கேதான், கைப்பையைக் கீழே வைக்கவும் விடமாட்டார்கள்.

இருக்கையில் ஒரு போர்வை இருந்தது. ஓரத்துத் துணிச்சீட்டைத் திருப்பிப் படித்தால், 28 பிளாஸ்டிக் பாட்டில்களை மறுசுழற்சி செய்து நெய்தது என்று போட்டிருந்தது. தொட்டுப் பார்த்தால் கம்பளி மாதிரியே மெத்தென்று இருக்கிறது. அறிவிப்பில் அன்றைய பணியாளர்கள் என்னென்ன மொழி பேசுவார்கள் என்று வரிசையாகச் சொன்னார்கள். தமிழ் அந்தப் பட்டியலில் இல்லை. இதை ஏன் சொல்கிறேன் என்பது அப்புறம் வரும்.

ஓடுபாதையில் வண்டி திரும்பும்போது எல்லோரும் திரையில் வால் கேமராவைப் போட்டிருந்தார்கள். வாலின் உச்சியிலிருந்து பார்க்கும் காட்சி அது; முதுகு முழுவதும் தெரியும், முன்னால் விளக்குகள் இரண்டு கோடாக ஓடும். தொட்டிகளில் 3,20,000 லிட்டர் வரை எரிபொருள் கொள்ளும் விமானம் இது. இவ்வளவு தூரத்துக்குக் கிளம்பும்போது அந்தக் கனம் உடம்பில் தெரிகிறது. சின்ன விமானம் போல விருட்டென்று எழும்பவில்லை. ஓடுகிறது, ஓடுகிறது, இன்னும் ஓடுகிறது. இதற்குமேல் பாதையே இருக்காது என்று நினைக்கும்போது சத்தமில்லாமல் மூக்கைத் தூக்கிவிட்டது. ஏ380 உள்ளே எவ்வளவு அமைதி என்பதை மற்ற விமானத்தில் வந்தவர்களிடம் கேட்டால்தான் தெரியும். பக்கத்து வரிசைக்காரர் இருமினால்கூடக் கேட்கிறது.

சாப்பாட்டைப் பற்றி நிறையச் சொல்ல ஒன்றுமில்லை. சூடாக வந்தது, நன்றாகவே இருந்தது. மேலே எல்லாமே கொஞ்சம் சப்பென்று படுவதற்குச் சமையல்காரர் மட்டும் காரணமில்லை. கேபின் காற்றில் ஈரப்பதம் பெரும்பாலும் 20 சதவீதத்துக்கும் கீழே இருக்கும். மூக்கு காய்ந்துவிட்டால் வாசனை போய்விடும், வாசனை போனால் ருசியும் குறையும். என்ஜின் இரைச்சலும் இனிப்பையும் உப்பையும் மட்டுப்படுத்திவிடுகிறது. ஆனால் தக்காளி, காளான் மாதிரியானவற்றின் ருசி அடங்குவதில்லை. கீழே தக்காளிச் சாற்றைத் தொடாதவர்கள் மேலே கேட்டு வாங்கிக் குடிப்பதற்கு இதுதான் காரணம்.

தட்டுகளை எடுத்தார்கள். விளக்குகள் அணைந்தன. கூரையில் சின்னச் சின்ன நட்சத்திரப் புள்ளிகள் மட்டும் மின்னின. இனிமேல்தான் நான் சொன்ன அந்த நேரம்.

என் பக்கத்து உள் இருக்கையில் வயதான ஓர் அம்மா. மகள் வீட்டில் சில மாதம் இருந்துவிட்டுத் தனியாகத் திரும்புகிறார். வீல்சேரில் கொண்டுவந்து உட்காரவைத்திருந்தார்கள். நான் தமிழ் என்று தெரிந்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

"தம்பி, இந்த டிவிய எப்படி நிறுத்துறது? கண்ணு கூசுது."

நிறுத்துவதற்கு முன் வரைபடத்தைப் போட்டுக் காட்டினேன். "இப்ப நாம எங்க இருக்கோம்?" என்றார். ஆஸ்திரேலியாவுக்கு மேலே, என்றேன். கொஞ்ச நேரம் அந்தக் குட்டி விமானத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் தூங்கிப்போனார். நானும் தூங்கினேன். முழித்தபோது அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன தம்பி, விடியவே மாட்டேங்குது?"

பூமி சுற்றும் திசைக்கு எதிராக நாம் போவதையும், சூரியன் பின்னாலிருந்து துரத்திக்கொண்டே வந்தாலும் நம்மைப் பிடிக்க முடியாததையும் சொன்னேன். கவனமாகக் கேட்டார். "அப்ப இன்னொரு தடவ தூங்கி எந்திரிச்சாலும் ராத்திரிதானா?" என்றார். ஆமாம்மா என்றேன். "சரி, இருக்கட்டும். இவ்வளவு நேரம் படுக்கறதுக்கு யார் விடறாங்க" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

ஆனால் தூங்கவில்லை. காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தார். கணுக்கால் வீங்கி, செருப்பின் வார் பதிந்த தடம் அந்த மங்கலான வெளிச்சத்திலும் தெரிந்தது. என்னைக் கூப்பிட அவருக்குத் தயக்கம் போல. அப்போது தண்ணீர்த் தட்டோடு நடந்துவந்த பணிப்பெண் எங்கள் வரிசையில் நின்றார். யாரும் பெல் அழுத்தவில்லை. அவருடைய பார்வை நேராக அந்தக் காலுக்குப் போனது. தட்டை என்னிடம் கொடுத்துவிட்டு, நடைபாதையில் மண்டியிட்டு, அம்மாவின் முகத்துக்கு நேராக வந்து, கையால் "நடக்கலாமா" என்று கேட்டார். மொழியே தேவைப்படவில்லை. அம்மா தலையசைத்தார். நான் எழுந்து வழிவிட்டேன். இரண்டு பேரும் கைகோத்துக்கொண்டு பின்பக்கம் சமையலறைப் பகுதிவரை போய், அங்கே நின்று, திரும்பி வந்தார்கள். பணிப்பெண் வலது கையால் அம்மாவைப் பிடித்துக்கொண்டு, இடது கையால் ஒவ்வொரு இருக்கையின் முதுகையும் தொட்டுத் தொட்டு வந்தார். உட்காரவைத்து, காலுக்கடியில் ஒரு தலையணையை மடித்து வைத்து, இரண்டு டம்ளர் தண்ணீரும் குடிக்கவைத்துவிட்டுத்தான் போனார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி வந்தார். அதற்குப் பிறகும் வந்தார்.

இவ்வளவு நீளமான பயணத்தில் பணியாளர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் விழித்திருக்க மாட்டார்கள். பயணிகள் கண்ணில் படாத ஓர் அறையில் அடுக்குப் படுக்கைகள் இருக்கும். பாதிப் பேர் தூங்க, மீதிப் பேர் பார்த்துக்கொள்வார்கள். விமானிகளும் இரண்டு ஜோடி. ஆகவே நடுராத்திரியில் பாதி ஆட்கள்தான் முழு விமானத்தையும் சுமக்கிறார்கள். அந்தப் பாதிப் பேர் நடந்துகொண்டே இருக்கிறார்களா, திரையை இழுத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்களா என்பதில்தான் எனக்கு ஏர்லைன்ஸ்களுக்குள்ளே வித்தியாசம் தெரிகிறது.

இன்னொரு நிறுவனத்தில், பெயர் வேண்டாம், இதன் மறுபக்கத்தைப் பார்த்திருக்கிறேன். முதல் சாப்பாட்டுக்குப் பிறகு ஆள் நடமாட்டமே இல்லை. முன் வரிசையில் ஒரு தாய் பால் பவுடர் கலக்க வெந்நீர் கேட்டு மணியை அழுத்திவிட்டுக் காத்திருந்தார். தலைக்கு மேல் விளக்கு எரிந்துகொண்டே இருந்தது, குழந்தை அழுதுகொண்டே இருந்தது. கடைசியில் அவரே குழந்தையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போய் வாங்கிவந்தார். அந்த விமானத்தின் இருக்கை அகலம், திரை அளவு எல்லாம் நன்றாகத்தான் இருந்தன. ஒன்றுகூட இப்போது எனக்கு ஞாபகத்தில் நிற்கவில்லை, அந்த விளக்கைத் தவிர.

அதே பயணத்தில் என் பெட்டியும் ஒரு சக்கரம் உடைந்து வந்தது. கவுன்டரில் இருந்தவர், சக்கரத்துக்கெல்லாம் புகார் எடுப்பதில்லை என்றார். இதை நம்பித் திரும்பிவிடாதீர்கள். மான்ட்ரியல் உடன்படிக்கை என்று 1999-இல் ஏற்பட்ட சர்வதேச ஒப்பந்தம் இருக்கிறது. பெரும்பாலான நாடுகள் அதில் சேர்ந்திருக்கின்றன. பெட்டி சேதமாகி வந்தால் கைக்குக் கிடைத்த 7 நாளுக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். தாமதமாக வந்தால் கிடைத்த நாளிலிருந்து 21 நாள். நான் விமான நிலையத்தை விட்டு வெளியே போகும் முன்பே போட்டோ எடுத்து, புகார் எண் வாங்கிக்கொண்டு, அன்றைக்கே மின்னஞ்சலும் அனுப்பினேன். புதுப் பெட்டிக்குப் பணம் வந்தது. வாயால் சொன்ன புகார் எதற்கும் உதவாது.

அந்த அம்மாவின் கால் விஷயத்துக்கு வருகிறேன். அது வெறும் அசௌகரியம் என்று யாரும் விட்டுவிட வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் 2007-இல் வெளியிட்ட ஆய்வின்படி, நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து பயணம் செய்தால் கால் ரத்தக் குழாயில் ரத்தம் உறையும் ஆபத்து சுமார் இரண்டு மடங்காகிறது. ஆரோக்கியமானவர்களுக்கு அது 6,000 பேரில் ஒருவர் என்ற அளவில்தான். ஆனால் வயதானவர்கள், அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், கர்ப்பிணிகள் கிளம்பும் முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. மற்றவர்கள் முழிப்பு வரும்போதெல்லாம் எழுந்து நடங்கள்; உட்கார்ந்த இடத்திலேயே கணுக்காலைச் சுழற்றுங்கள். பெற்றோரைத் தனியாக அனுப்புகிறவர்கள் வீல்சேருக்குப் பதிவு செய்வதோடு நிறுத்தாமல், ஓர இருக்கையையும் முன்கூட்டியே எடுத்துக் கொடுங்கள். உள் இருக்கையில் மாட்டிக்கொண்டவர்கள் பக்கத்தில் இருப்பவரை எழுப்பக் கூச்சப்பட்டு, வழிநெடுக ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருப்பார்கள். எங்கள் வரிசையில் அம்மா நடந்துவிட்டு வந்த பிறகு நானே என் இருக்கையை அவருக்குக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டேன்.

இரண்டாவது சாப்பாட்டுக்காக விளக்கைப் போட்டார்கள். ஒரேயடியாக இல்லை, மெல்ல மெல்ல ஏற்றினார்கள்; வெளியே வராத விடியலை உள்ளே கொண்டுவந்தது போல. அம்மா தலையைச் சீவிக்கொண்டு, புடவையைச் சரிசெய்துகொண்டு தயாராகிவிட்டார். இறங்கும்போது வால் கேமராவில் துபாயின் சாலைகள் ஆரஞ்சுக் கோடுகளாகத் தெரிந்தன. வானம் இன்னும் கறுப்பாகவே இருந்தது.

விமான வாசலில் வீல்சேரோடு ஆள் காத்திருந்தார். அம்மா அந்தப் பணிப்பெண்ணின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு "நல்லாயிருக்கணும்மா நீ" என்று தமிழிலேயே சொன்னார். அவரும் ஏதோ தன் மொழியில் பதில் சொல்லிச் சிரித்தார்.

அடுத்த விமானத்துக்கு எனக்கு நேரமிருந்தது. ஓர் இடம் பார்த்து உட்கார்ந்து, நிறுவனத்தின் இணையதளத்தில் பயணிகள் கருத்து எழுதும் பக்கத்தைத் திறந்தேன். புகார் எழுத வருகிறவர்கள்தான் அங்கே அதிகம். பாராட்டை எழுதினாலும் உரிய ஆளிடம் போய்ச் சேர வேண்டுமானால் விமான எண், தேதி, இருக்கை எண், எந்தப் பகுதியில் வேலை செய்தவர் என்பதெல்லாம் வேண்டும்; "ஊழியர்கள் அருமை" என்று மட்டும் எழுதினால் யாருக்கும் போகாது. எல்லாவற்றையும் போட்டு, நடந்ததை நடந்தபடி எழுதினேன். இரண்டு வாரம் கழித்து, உங்கள் குறிப்பு அந்த ஊழியருக்கும் அவருடைய மேலாளருக்கும் அனுப்பப்பட்டது என்று பதில் வந்தது.